கொழும்புக் குசினியில் ஓர் அன்னாசிப் பை

டிசம்பர் கடைசி வாரத்தில் கொழும்பில் யார் வீட்டுக்குப் போனாலும் கேக் கிடைக்கும். ரவை, கஜு, பிளம்ஸ், பூசணித் தோசி எல்லாம் போட்டுச் செய்து, துண்டு துண்டாகத் தாளில் மடித்து வைத்திருப்பார்கள். நல்ல கேக்தான். ஆனால் மூன்றாவது வீட்டில் அதை நீட்டும்போது "பிறகு சாப்பிடுறன் மாமி" என்று சொல்லத்தான் வாய் வரும். அதே மேசையில் பழச்சாறு கொதித்து விளிம்பில் கசிந்து நிற்கும் ஒரு பை (pie, பட்டர் மாவுக்கு நடுவில் பழம் வைத்து ஓவனில் வேகவைப்பது) இருந்தால், முதலில் முடிவது அதுதான். அதில் புளிப்பு இருக்கிறது, மொறுமொறுப்பு இருக்கிறது, கேக்கின் அந்தத் திகட்டல் இல்லை.

இன்னொரு வசதியும் உண்டு. இந்த மாவுக்கு முட்டை தேவையில்லை. சில வருடங்களில் திருவெம்பாவை விரதமும் கிறிஸ்மஸும் ஒன்றாக வந்துவிடும். கத்தோலிக்க மருமகளும் சைவ மாமியாரும் ஒரே மேசையில் உட்காரும் வீடுகள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனையோ இருக்கின்றன. அங்கே யாரையும் "உங்களுக்கு இது வேண்டாம்" என்று ஒதுக்காமல் எல்லோருக்கும் வெட்டிக் கொடுக்கலாம்.

முதல்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுக் குறிப்பை அப்படியே பின்பற்றிவிட்டு, அடிமா ஈரமாகி, மேல்மா வழிந்து, "இது நமக்குச் சரிவராது" என்று விட்டுவிடுகிறார்கள். குறிப்பில் பிழையில்லை. குளிர்நாட்டுக் குசினியில் நின்று எழுதியது அது. டிசம்பரிலும் கொழும்பில் பகல் 30 பாகையைத் தொடும். பட்டர் 32 முதல் 35 பாகைக்குள் முழுதாக உருகிவிடும், அதற்கு வெகு முன்னதாகவே தளர்ந்துவிடும். போதாததற்கு எங்கள் பழங்களில் தண்ணீர் அதிகம். ஆகவே இங்கே பார்த்துக்கொள்ள வேண்டியவை இரண்டுதான்: பட்டர் உருகாமல் இருக்க வேண்டும், பழத்தின் தண்ணீர் மாவுக்குள் போகாமல் இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் சுற்றிச் சுற்றி இந்த இரண்டுக்காகத்தான்.

எந்தப் பழம்

என் தெரிவு அன்னாசி. கம்பஹா, குருநாகல் பக்கம் விளைகிறது, கொழும்பில் வருடம் முழுவதும் கிடைக்கிறது, வேகவைத்தாலும் கரைந்து போகாது. அதன் புளிப்பு பட்டர் மாவுக்கு நன்றாக ஈடுகொடுக்கும். மொரீசியஸ் இனம் என்று விற்கும் சிறிய, முள் இலை அன்னாசி வாசத்திலும் இனிப்பிலும் நல்லது. அறுத்த பிறகு அன்னாசியில் இனிப்பு ஏறாது, நிறம்தான் மாறும். அதனால் மஞ்சளைப் பார்த்து ஏமாறாமல் அடிப்பக்கத்தை மூக்கோடு வைத்து மணந்து பாருங்கள். வாசம் வந்தால் எடுங்கள். புளித்த கள் வாடை வந்தால் வைத்துவிடுங்கள். வெள்ளவத்தைச் சந்தையிலோ காலி வீதி ஓரத்திலோ வாங்கினால் தோலையும் கண்ணையும் அவர்களே சீவித் தருவார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், அரை மணித்தியால வேலை மிச்சம். நடுத்தண்டை மட்டும் வீட்டில் வெட்டி எறியுங்கள்.

அப்பிள்தான் வேண்டுமென்றால் பச்சை அப்பிள் வாங்குங்கள். இங்கே மலிவாகக் கிடைக்கும் சிவப்பு அப்பிள் பச்சையாகக் கடிக்க நல்லது. வேகவைத்தால் மசிந்து, வெறும் இனிப்பாகிவிடும். பச்சை அப்பிள் விலை கூட, அதனால் அதில் பாதி, அன்னாசியில் பாதி என்று கலக்கலாம். மாம்பழத்தில் பை செய்ய ஆசைப்படுகிறவர்கள் கறுத்தக்கொழும்பானை மறந்துவிடுங்கள். அதன் பருவம் வருட நடுப்பகுதி, சாறும் அதிகம். அதை உறிஞ்சிச் சாப்பிடுவதே அதற்கு மரியாதை. அரைப்பழமாக இருக்கும் வேறு மாங்காய் என்றால் சரிவரும். பப்பாசியில் புளிப்பே இல்லை, அதன் பக்கம் போக வேண்டாம். நேரமில்லாதவர்கள் டின் அன்னாசி வாங்கிப் பாணியை நன்றாக வடித்துவிட்டு, கீழே சொன்ன சீனியைப் பாதியாகக் குறைத்துப் பாவியுங்கள்.

அளவு

9 அங்குலத் தட்டு ஒன்றுக்கு இந்த அளவு. எட்டுத் துண்டு தாராளமாக வரும். எட்டுப் பேருக்கு மேல் வருவார்கள் என்றால் இரண்டு செய்யுங்கள். ஒன்று வேகும்போது மற்றது பிரிட்ஜுக்குள் இருக்கட்டும்.

மாவுக்கு: கோதுமை மா 300 கிராம், உப்பில்லாத பட்டர் 200 கிராம், சீனி ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, ஐஸ் தண்ணீர் 6 அல்லது 7 மேசைக்கரண்டி. உப்புப் பட்டர்தான் வீட்டில் இருக்கிறது என்றால் அதையே போட்டு, தனி உப்பை விட்டுவிடுங்கள்.

பழத்துக்கு: வெட்டிச் சுத்தப்படுத்திய அன்னாசி 1 கிலோ (நடுத்தர அளவில் இரண்டு, சிறியதென்றால் மூன்று), சிவப்புச் சீனி 150 கிராம், கோன்பிளவர் 3 மேசைக்கரண்டி, இரண்டு அங்குலக் கறுவாப்பட்டை, கராம்பு மூன்று, கொஞ்சம் துருவிய சாதிக்காய், ஒரு சிட்டிகை உப்பு, பாதித் தேசிக்காயின் சாறு, ஒரு மேசைக்கரண்டி பட்டர். விருப்பம் இருந்தால் கால் தேக்கரண்டி மிளகாய்த்தூள். காலிமுகத்திடலில் அன்னாசிக்கு உப்பும் மிளகாயும் தூவிச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்கு உறைப்பு என்று தெரியாது, ஏதோ ஒன்று நன்றாக இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

கறுவா பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் குறிப்புகளில் கறுவாத்தூள் கரண்டி கரண்டியாக வரும். அங்கே அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் தடித்த காசியாப் பட்டை. எங்களுடையது மெல்லிய சுருள், வாசமும் மெதுவானது. அதனால் தூளை அள்ளிப் போடுவதைவிடப் பட்டையைச் சாற்றோடு கொதிக்கவிட்டு எடுத்துவிடுவதே நல்லது. ஒரு காலத்தில் கறுவா பயிரிட்டதால் கறுவாத்தோட்டம் என்று பெயர் பெற்ற பகுதியே இருக்கும் நகரத்தில் பொடிப் பைக்கற்றை நம்புவது எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

கோதுமை மா என்பது சாதாரண வெள்ளை மா. பேக்கிங் பவுடர் கலந்து விற்கும் மா வேண்டாம். அரித்துத்தான் எடுக்க வேண்டும், மழைக்காலத்தில் வண்டு எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். பட்டருக்குப் பதிலாக மாஜரீன் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கட்டி மாஜரீன் வெக்கைக்குக் கொஞ்சம் கூடத் தாக்குப்பிடிக்கும், ஆனால் வாயில் ஒரு பிசுக்கு தங்கும். முதல்முறை பயமாக இருந்தால் 150 கிராம் பட்டர், 50 கிராம் மாஜரீன் என்று கலந்துகொள்ளுங்கள். பாணில் பூசுவதற்கென்று டப்பாவில் வரும் மென்மையான வகை மட்டும் கூடாது. அதில் தண்ணீர் அதிகம்.

முதல்நாள் இரவு: பழம்

25ஆம் திகதி மத்தியானச் சாப்பாட்டுக்கு என்றால் 23ஆம் திகதி இரவே பழத்தையும் மாவையும் செய்து வைத்துவிட்டு, 24ஆம் திகதி வேகவையுங்கள். இந்தப் பை ஆறித்தான் வெட்ட வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய் வந்து தூக்கக் கலக்கத்தில் ஓவனோடு நிற்பது யாருக்கும் உசிதமில்லை.

அன்னாசியை ஒன்றரைச் சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டிச் சீனியும் உப்பும் போட்டுப் பிரட்டி அரை மணித்தியாலம் விடுங்கள். ஒரு கோப்பைக்கு மேல் சாறு இறங்கியிருக்கும். அதைத்தான் முதலில் ஒரு வழி பண்ண வேண்டும். சாற்றை மட்டும் அகலமான சட்டியில் வடித்து, கறுவாவும் கராம்பும் போட்டுப் பாதியாக வற்றும்வரை கொதிக்கவிடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் சாறு வற்றுவதற்குள் பழம் குழைந்துவிடும். சாறு பாதியான பிறகு பழத்தைப் போட்டு ஆறேழு நிமிடம் வேகவிடுங்கள். பச்சை அன்னாசி நாக்கை அரிப்பதற்குக் காரணம் அதிலுள்ள புரொமெலெயின் என்ற நொதியம். சூட்டில் அது செயலிழந்துவிடும், அதனால் வெந்த பழம் நாக்கை அப்படி அரிக்காது.

பிறகு கோன்பிளவரை நாலு மேசைக்கரண்டி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். முதலில் பால்போலக் கலங்கும், கொதி வந்ததும் தெளிந்து பளபளக்கும். தெளிந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும், இல்லாவிட்டால் மாவாடை போகாது. கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் தண்ணியாக இருக்கிறது. இரண்டு வினாடி அடி தெரிந்து, பிறகு மெதுவாக மூடினால் சரி. அடுப்பை நிறுத்திய பிறகுதான் தேசிக்காய்ச் சாறு, சாதிக்காய், மிளகாய்த்தூள், பட்டர். புளியோடு சேர்த்து நெடுநேரம் கொதித்தால் கோன்பிளவரின் பிடிப்பு விட்டுப்போகும், அதனால்தான் தேசிக்காய் கடைசியில் வருகிறது. வீட்டில் கோன்பிளவர் இல்லையா? சவ்வரிசியை மிக்சியில் பொடித்து அதே அளவில் போடலாம். இங்கே கடையில் விற்கும் சவ்வரிசி பெரும்பாலும் மரவள்ளி மாவில் செய்தது. அதன் பாகு இன்னும் தெளிவாகவே வரும்.

கறுவாவையும் கராம்பையும் பொறுக்கி எடுத்துவிட்டு, பழத்தை அகலமான தட்டத்தில் பரப்பி ஆறவிட்டுப் பிரிட்ஜுக்குள் வையுங்கள். கைபொறுக்கும் சூடு போதாது, குளிர வேண்டும். வெதுவெதுப்பான பழத்தை மாவின்மேல் கொட்டினால், ஓவனுக்குள் போகும் முன்னரே அடிப் பட்டர் உருகி மா ஈரச்சோறாகிவிடும். கொழும்பில் பழப் பை கெட்டுப்போவதில் பாதி இந்த ஒரு இடத்தில்தான்.

மா

பற்றீஸ் செய்யத் தெரிந்தவர்களுக்கு இந்த மாவு புதிதல்ல, பட்டர் கூட, கையைக் குறைவாகப் போட வேண்டும், அவ்வளவுதான். ரொட்டிக்கும் பராட்டாவுக்கும் பழகிய கைகள்தான் இதில் கஷ்டப்படும். அங்கே எவ்வளவு அடித்துப் பிசைகிறோமோ அவ்வளவு நல்லது. இங்கே பிசையப் பிசைய மா இழுவையாகி, வெந்ததும் சுருங்கி இறுகிவிடும்.

விடியற்காலையிலோ இரவு சாப்பாடு முடிந்து குசினி ஆறிய பிறகோ தொடங்குங்கள். மத்தியானக் கறிக்குப் பக்கத்து அடுப்பில் தேங்காய்ப்பால் கொதிக்கும் நேரத்தில் வேண்டாம். அளந்த மாவைப் பாத்திரத்தோடு அரை மணித்தியாலம் பிரீசரில் வையுங்கள். பட்டரைச் சிறு சதுரங்களாக வெட்டி அதையும் உள்ளே தள்ளுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீரில் ஐஸ் கட்டிகளைப் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாவில் சீனியும் உப்பும் கலந்து, பட்டரைப் போட்டு விரல் நுனியால் மட்டும் நசுக்கி நசுக்கி விடுங்கள். உள்ளங்கை படக்கூடாது, கையில் சூடான இடம் அதுதான். கரட் துருவும் துருவியில் உறைந்த பட்டரைத் துருவிப் போட்டால் வேலை இன்னும் சுலபம். இரண்டு மூன்று நிமிடத்தில் அவிக்கப்போகும் புட்டு மா எப்படி இருக்குமோ அப்படி உதிரியாக வரும். ஆனால் இடையிடையே பட்டாணி அளவில் தட்டையான பட்டர் துண்டுகள் தெரிய வேண்டும். அவற்றைத் தேடித் தேடி நசுக்காதீர்கள். பட்டரில் ஏறக்குறைய 16 வீதம் தண்ணீர். ஓவன் சூட்டில் துண்டுகள் உருகும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி மாவைத் தூக்கும். அந்த இடைவெளிதான் கடிக்கும்போது படை படையாக உதிர்கிறது. முழுவதையும் கரைத்துவிட்டால் கிடைப்பது பிஸ்கட்.

ஐஸ் தண்ணீரை ஐந்து மேசைக்கரண்டி தெளித்துக் கரண்டியால் பிரட்டுங்கள். ஒரு பிடி அள்ளி அழுத்துங்கள். பிடி நின்றால் போதும், உதிர்ந்தால் இன்னொரு கரண்டி. மழை நாட்களில் மாவே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அதனால் குறிப்பில் சொன்ன அளவுத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். இடையில் மா மினுமினுத்து விரலில் எண்ணெய் ஒட்டினால் பட்டர் இளகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வாதாடாமல் பாத்திரத்தைப் பிரீசருக்குள் வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து வாருங்கள்.

ஒன்று சற்றுப் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இரண்டாகப் பிரித்து, தட்டையாக அமத்தி, பொலித்தீனால் சுற்றிப் பிரிட்ஜுக்குள் வையுங்கள். குறைந்தது ஒரு மணித்தியாலம், முடிந்தால் இரவு முழுவதும். இரண்டு நாள் கெடாது. பிரீசரில் ஒரு மாதம் இருக்கும், ஆகவே டிசம்பர் தொடக்கத்திலேயே செய்து போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

உருட்டுவது

தட்டு பற்றிப் பெரிய கவலை வேண்டாம். புறக்கோட்டையில் வாங்கும் மெல்லிய அலுமினியத் தட்டே நன்றாகச் சூடு பிடிக்கும். கண்ணாடித் தட்டு மட்டும் இதற்கு வேண்டாம், பிரீசர் குளிரிலிருந்து நேரே சூடான தட்டத்துக்குப் போனால் வெடித்துவிடலாம். பை தட்டே இல்லாதவர்கள் வட்டக் கேக் தட்டைப் பாவியுங்கள்.

பிரிட்ஜிலிருந்து எடுத்த மா கல்லாக இருக்கும். ஐந்து நிமிடம் பொறுத்து, இரண்டு ஒயில் பேப்பருக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். நடுவிலிருந்து வெளியே, ஒவ்வொரு இழுப்புக்கும் கால்வட்டம் திருப்பி. கட்டை இல்லையென்றால் ஒரு கண்ணாடிப் போத்தலில் ஐஸ் தண்ணீரை நிரப்பி இறுக்கி மூடி, வெளி ஈரத்தைத் துடைத்துவிட்டு உருட்டுங்கள். உண்மையில் இந்த ஊருக்குக் கட்டையைவிடப் போத்தல்தான் நல்லது, உருட்டும்போதே மாவைக் குளிர்விக்கும். ஏசி அறை இருக்கும் வீடு என்றால் மேசையை அங்கே போட்டுக்கொள்ளுங்கள். படுக்கையறையில் மா உருட்டுவதைப் பார்த்து மாமியார் சிரிப்பார். சிரிக்கட்டும்.

மூன்று மில்லிமீற்றர் தடிப்பு, 12 அங்குல அகலம். தட்டுக்குள் இறக்கும்போது இழுத்து நீட்டாமல் தூக்கித் தூக்கி உள்ளே படியவிடுங்கள். இழுத்த மா ஓவனுக்குள் பழைய இடத்துக்கே சுருங்கிப் போகும். இருபது நிமிடம் பிரிட்ஜில் வைத்துவிட்டு, அடியில் வறுத்த ரவை ஒரு மேசைக்கரண்டி தூவுங்கள். மாரி பிஸ்கட் நொறுக்கியும் போடலாம். மிச்சச் சொச்சச் சாற்றை இது குடித்துக்கொள்ளும். பிறகு குளிர்ந்த பழத்தைப் பரப்புங்கள்.

மேல் மாவை முழு மூடியாகவும் போடலாம், நடுவில் நாலைந்து கீறல் கட்டாயம். அதைவிட, ஒரு அங்குலப் பட்டிகளாக வெட்டி இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவது புதியவர்களுக்கு நல்லது. ஆவி தாராளமாக வெளியேறும், கோணல்மாணலானாலும் அழகாகவே தெரியும். பின்ன வேண்டும் என்ற கட்டாயமில்லை, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாலே போதும். விளிம்பைப் பற்றீஸுக்குச் செய்வதைப் போல முள்ளுக்கரண்டியால் அமத்துங்கள். மேலே பால் பூசிச் சீனி தூவி, மறுபடி பதினைந்து நிமிடம் பிரீசருக்குள். இத்தனை தடவை உள்ளே வெளியே என்று சலிப்பாக இருக்கும். ஓவனுக்குள் போகும் நேரத்தில் மா கல்லுப்போல் குளிர்ந்திருந்தால்தான் வடிவம் நிற்கும்.

வேகவைப்பது

ஓவனை 220 பாகையில் அரை மணித்தியாலம் காயவிடுங்கள், வெறும் இரும்புத் தட்டம் ஒன்றையும் உள்ளே வைத்து. பையை அந்தச் சூடான தட்டத்தின்மேல், கீழ்ப்படியில் வைக்க வேண்டும். அடிமா உடனே சூடு பிடிக்கும், வழியும் சாறும் தட்டத்தில் விழும். இருபது நிமிடம் கழித்து 190 பாகைக்குக் குறைத்து இன்னும் 35 முதல் 45 நிமிடம்.

மேசைமேல் வைக்கும் சிறிய ஓவனில் மேல் கம்பி பையோடு உரசும் தூரத்தில் இருக்கும். விளிம்பு கருகத் தொடங்கியதும் அலுமினியத் தாளால் தளர்வாக மூடிவிடுங்கள், பாதியில் ஒருமுறை தட்டைத் திருப்பி வையுங்கள். இந்த ஓவன்களின் திருகில் எழுதிய பாகைக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. உள்ளே தொங்கவிடும் சூடுமானி ஒன்று வாங்குவது வீண் செலவில்லை. நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், கொஞ்ச நேரம் சூடு நிற்கும்.

எப்போது எடுப்பது? மேலே இளம்பொன் நிறம் வந்ததும் எல்லோருக்கும் கை துடிக்கும். அது போதாது. நன்றாகச் சிவக்க வேண்டும், நடுவில் பாகு தடித்த குமிழ்களாக மெதுவாக வெடிக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் குமிழ் வந்தால் இன்னும் பத்து நிமிடம். கருகிவிடுமோ என்ற பயத்தில் வெளிறிய நிறத்தோடு எடுப்பதுதான் அதிகம் நடக்கிறது. அடி வேகாத மாவைப் பழத்தோடு சேர்த்து விழுங்குவது விருந்தாளிக்குத் தண்டனை.

ஓவனே இல்லையென்றால் இதே பழத்தை இன்னும் பொடியாக வெட்டிக் காய்ச்சி, பற்றீஸாக மடித்துப் பொரித்துவிடலாம். ஆனால் அதற்கு மேலே சொன்ன மா உதவாது, எண்ணெயில் உதிர்ந்துவிடும். 300 கிராம் மாவுக்கு 75 கிராம் பட்டர் போதும்.

ஆறவிடுவதும் கொண்டுபோவதும்

குறைந்தது நாலு மணித்தியாலம் ஆற வேண்டும். சூட்டில் தண்ணீராக இருக்கும் பாகு ஆறும்போதுதான் பிடிக்கும். மணம் வந்தவுடன் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வருவார்கள், அவர்களுக்கு வெட்டி மிஞ்சிய மாத்துண்டுகளைச் சீனியும் கறுவாவும் தூவி அதே ஓவனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுட்டுக் கொடுங்கள்.

பிள்ளைகளைவிடப் பெரிய தொல்லை எறும்பு. சீனிப்பாகு மணக்கும் ஒரு தட்டை மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனால் விடிய அது எறும்புகளின் சொத்து. பெரிய தட்டம் ஒன்றில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் பையை வையுங்கள். மேலே வலைமூடி. இறுக்கமாக எதையும் போட்டு மூடாதீர்கள், ஆவி படிந்து மேல்மா நமத்துவிடும்.

இந்த வெக்கையில் வெளியே ஒரு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். பிறகு பிரிட்ஜ்தான். பிரிட்ஜிலிருந்து எடுத்ததை 170 பாகை ஓவனில் பதினைந்து நிமிடம் சூடாக்கினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். மைக்ரோவேவில் வைத்தால் மா இளகிப் போகும்.

உறவினர் வீட்டுக்கு எடுத்துப் போவதென்றால் தட்டோடுதான் கொண்டுபோக வேண்டும், வெட்டாமல். தட்டு அசையாத அளவில் ஒரு அட்டைப் பெட்டி பாருங்கள், அடியில் மடித்த துவாய் ஒன்றைப் போடுங்கள். ஓட்டோவில் சீற்றில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையிலிருந்து வத்தளைக்குப் போவதற்குள் எத்தனை பிரேக் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கத்தியையும் கொண்டுபோங்கள். விருந்து வீட்டில் கூர்க்கத்தி தேடுவது பெரும்பாடு, மொட்டைக் கத்தியால் அறுத்தால் பட்டிகள் உடைந்து பழத்துக்குள் போய்விடும்.

கூடச் சாப்பிட வனிலா ஐஸ்கிறீம், கஸ்ரட் எல்லாம் பொருந்தும். எனக்கு என்னவோ மண்சட்டி எருமைத் தயிர்தான் பிடிக்கும். கட்டித் தயிரை ஒரு கரண்டி வழித்துத் துண்டின் பக்கத்தில் வைத்து, அதன்மேல் கித்துள் பாணியைக் கொஞ்சமாக, நூல் விழும் அளவுக்கு மட்டும் விடுங்கள். விரதக்காரருக்கும் அது சரி, சீனி வருத்தக்காரர் பாணியை விட்டுவிட்டுச் சின்னத் துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.